ஓமந்தூராரும் ஒரு செருப்புத் தொழிலாளியும்

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டங்களில் ஆற்றிய உரை)



மந்திரிகளின் கதையைப் பேசுவதற்கு நாம் ஏன் கூடவேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பகலெல்லாம் மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆலையில் ராத்திரி ஷிப்டு முடித்து, தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க நமக்கு உரிமை கிடையாது. ஆனாலும் இந்தக் கதையை நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஏனென்றால், தேர்தலுக்குத் தேர்தல் நம் தெருவுக்கு வருகிறவர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "நானும் உங்களைப்போல ஏழை வீட்டில் பிறந்தவன், நானும் ஏர் பிடித்தவன், எனக்கு ஓட்டுப் போடுங்கள்." இந்தப் பேச்சை எந்தத் தராசில் நிறுப்பது? அதற்குத்தான் இன்று மூன்று மனிதர்களின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறோம். இருவர் அமெரிக்கர். ஒருவர் நம் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்.

அமெரிக்காவில் துணை ஜனாதிபதி என்று ஒரு பதவி உண்டு. செனட் என்னும் மேல்சபைக்குத் தலைமை வகிப்பார். வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தால் அவர் ஒரு வாக்குப் போடலாம். ஜனாதிபதி இறந்துபோனால் அந்த நாற்காலி இவருக்கு வரும். மற்றபடி பெரிய அதிகாரம் ஒன்றும் இல்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இந்தப் பதவிக்கு இரண்டு கைத்தொழிலாளிகள் வந்தார்கள். ஒருவர் துணி தைத்தவர். மற்றவர் செருப்புத் தைத்தவர்.

செருப்புத் தைத்தவர் கதை

அவர் பெயர் ஹென்றி வில்சன். 1812ல் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் பரம ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் அன்றாடக் கூலி. பையனுக்குப் பத்து வயதானபோது பக்கத்து விவசாயி ஒருவரிடம் ஒப்பந்தம் எழுதி விட்டுவிட்டார்கள். இருபத்தோரு வயது வரைக்கும் அந்தப் பண்ணையில் உழைக்கவேண்டும். சோறும் துணியும் கிடைக்கும். வருஷத்தில் ஏதோ சில வாரம் பள்ளிக்கூடம். நம் பக்கத்தில் படியாள் என்று ஒரு பேர் உண்டே, அதற்கு வெகு தூரமில்லை இது. பதினோரு வருஷம் உழைத்து முடித்தபோது அவருக்குக் கிடைத்தது ஒரு ஜோடி உழவு மாடும் ஆறு ஆடும். அவற்றை விற்றுவிட்டு, நூறு மைலுக்கு மேல் நடந்து மாசசூசெட்ஸ் மாகாணத்தில் நேட்டிக் என்ற ஊருக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். இரவில் படித்தார். 'நேட்டிக் செருப்புத் தொழிலாளி' என்று ஊர் அவரை அழைத்தது. பிறகு சொந்தப் பட்டறை வைத்து, கூலிக்கு ஆள் அமர்த்தும் முதலாளியாகவும் ஆனார். அதையும் மறைக்கவேண்டியதில்லை.

1836ல் தென் பகுதிக்குப் போனபோது, மனிதர்களைச் சந்தையில் விற்பதை வில்சன் கண்ணால் பார்த்தார். அடிமை முறையை ஒழிப்பதையே அன்று முதல் தம் அரசியலாக வைத்துக்கொண்டார். 1855ல் செனட் உறுப்பினரானார். உள்நாட்டு யுத்தம் நடந்தபோது ராணுவக் கமிட்டிக்குத் தலைவராக இருந்தார். தலைநகரான வாஷிங்டனில் அடிமை முறையை ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தவர் அவரே. 1862 ஏப்ரல் 16ல் ஜனாதிபதி லிங்கன் அதில் கையெழுத்திட்டார். சுமார் 3,100 பேர் விடுதலையானார்கள்.

துணி தைத்தவர் கதை

அவர் பெயர் ஆண்ட்ரூ ஜான்சன். அவரும் ஏழைதான். சிறு வயதில் தையற்காரரிடம் தொழில் பழக ஒப்பந்தத்தில் விடப்பட்டு, அங்கிருந்து தப்பி ஓடியவர். பள்ளிக்கூடத்தையே பார்க்காதவர். 1865 மார்ச்சில் லிங்கனுக்குத் துணை ஜனாதிபதியானார். ஆறு வாரத்தில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார், ஜான்சன் ஜனாதிபதியானார். அப்போது அவர் என்ன செய்தார்?

1865 ஜனவரியில் ஷெர்மன் என்ற ராணுவத் தளபதி தென் கடலோரத்தில் எஜமானர்கள் விட்டுவிட்டு ஓடிய நிலத்தை, விடுதலையான கறுப்பு மக்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வீதம் கொடுக்க உத்தரவிட்டிருந்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏர் பூட்டி விதைத்தும் விட்டன. அந்த வருஷமே ஜான்சன் பழைய எஜமானர்களுக்கு மன்னிப்பு வழங்கி, அந்த நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். விதைத்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கறுப்பு மக்களுக்குக் குடியுரிமை தரும் மசோதாவை 1866ல் அவர் மறுத்தார். காங்கிரஸ் சபை அவரை மீறி அதை நிறைவேற்றியது. 1868ல் அவரைப் பதவியிலிருந்து நீக்க விசாரணை நடந்தபோது, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். அன்று அவர் குற்றவாளிதான் என்று வாக்களித்தவர்களில் செருப்புத் தைத்த வில்சனும் ஒருவர்.

பாருங்கள் தோழர்களே! இருவரும் ஏழை. இருவரும் ஒப்பந்தத்தில் விடப்பட்ட பையன்கள். இருவரும் கைத்தொழிலாளிகள். ஒருவர் அடிமையின் விலங்கைத் தட்டினார்; மற்றவர் அடிமைக்குக் கிடைத்த நிலத்தைப் பிடுங்கினார். அப்படியானால் ஏழை வீட்டில் பிறந்தேன் என்ற ஒரு சொல்லை வைத்து ஆளை நிறுக்க முடியுமா? முடியாது.

ஓமந்தூர் விவசாயி

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் 1895 பிப்ரவரி 1ல் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓமந்தூரில் பிறந்தார். நிலமுள்ள விவசாயக் குடும்பம். பட்டணத்துப் பட்டதாரியும் அல்லர், வக்கீலும் அல்லர். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி, காங்கிரசில் தென்னாற்காடு ஜில்லாவில் உழைத்து மேலே வந்தவர். 1947 மார்ச் 23ல், பிரகாசம் மந்திரி சபை கவிழ்ந்த பிறகு, சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அன்று முதல் மந்திரியை அப்படித்தான் அழைத்தார்கள். வடக்கே ஆந்திரக் கரையிலிருந்து தெற்கே திருநெல்வேலி வரை, மேற்கே மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்த பெரிய மாகாணம் அது. 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்த மாகாணத்தை ஆண்டவர் நம் திண்டிவனத்து விவசாயி.

அவர் காலத்தில் நடந்தவற்றைக் கணக்கெடுப்போம். நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்கமாட்டோம்.

1947ல் ஆலயப் பிரவேசச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் வந்தது. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் கோயிலுக்குள் போகும் உரிமை சட்டமானது. அதே வருஷம் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் தேவதாசி முறை சட்டவிரோதமாயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1920களின் இறுதியிலிருந்து போராடிய கோரிக்கை அது. 1947லேயே ஜமீன் பகுதிகளில் குடியானவர் கட்டும் வாரத்தைக் குறைக்கும் சட்டமும் வந்தது. 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். வெள்ளைக்காரன் 1802ல் சட்டம் போட்டு நிலைநிறுத்திய ஜமீன் முறை, ஒன்றரை நூற்றாண்டு குடியானவன் முதுகில் உட்கார்ந்திருந்தது. பொப்பிலி, விஜயநகரம் முதல் இராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் வரை சிற்றரசர்களாக வாழ்ந்தவர்களின் அதிகாரம் அந்தச் சட்டத்தால் முடிந்தது. 1949 செப்டம்பரில் முதல் எஸ்டேட்டுகளை சர்க்கார் கைக்கு எடுத்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஓமந்தூராரின் கை சுத்தம். சிபாரிசோடு வந்த தம் கட்சிச் சட்டசபை உறுப்பினர்களையே அவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார் என்பது ஊரறிந்த செய்தி. அதனாலேயே சொந்தக் கட்சிக்குள் விரோதம் வளர்ந்தது. 1949 ஏப்ரல் 6ல் பதவியை விட்டு இறங்கினார். குமாரசாமி ராஜா வந்தார். ஓமந்தூரார் வடலூருக்குப் போய், வள்ளலார் வழியில் பள்ளியும் தர்ம நிலையமும் நடத்தி, 1970 ஆகஸ்ட் 25ல் காலமானார். பதவியை விட்டபின் அதைச் சுற்றிச்சுற்றி வராதவர்கள் அபூர்வம். அவர் அப்படிப்பட்ட ஒருவர்.

கணக்கின் மறுபக்கம்

கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுதவேண்டும். பிரகாசம் மந்திரி சபை கொண்டுவந்த பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தை ஓமந்தூரார் கைவிடவில்லை. விசாரணை இல்லாமல் ஆளைச் சிறையில் வைக்கும் சட்டம் அது. அந்தக் காலத்தில் தொழிலாளர் தலைவர்களும் விவசாய சங்கத்தினரும் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். தோழர் ஏ. கே. கோபாலன் 1947 டிசம்பரில் சிறை வைக்கப்பட்டார். தேசம் சுதந்திரம் அடைந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. 1950ல் அவர் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோதும் அவர் சிறையில்தான் இருந்தார். 1948ல் பெரியாரின் கருஞ்சட்டைத் தொண்டர் படை தடை செய்யப்பட்டது. அதே வருஷம் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டது. எதிர்த்து மறியல் செய்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

லஞ்சம் வாங்காத மனிதர்தான். ஆனால் கூலி கேட்டு எழுந்தவனுக்கு அவர் ஆட்சியில் கிடைத்தது சிறை. லஞ்சம் வாங்காத கை ஒன்று. உழைப்பவன் பக்கம் நீளும் கை இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் பாக்கியம். ஒன்று இருப்பதாலேயே மற்றதும் இருக்கும் என்று நாம் நம்பிவிடக்கூடாது.

நஷ்டஈடு யாருக்கு?

இப்போது நம் பேச்சின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வாஷிங்டனில் 3,100 பேரை விடுதலை செய்த சட்டத்தைச் சொன்னோம் அல்லவா? அந்தச் சட்டத்தில் நஷ்டஈட்டுக்கு ஒரு பிரிவு இருந்தது. ஒரு அடிமைக்கு 300 டாலர் வரை. யாருக்கு? காலமெல்லாம் கூலியில்லாமல் உழைத்தவனுக்கா? இல்லை, அவனைச் சொத்தாக வைத்திருந்த எஜமானனுக்கு! விடுதலையானவனுக்கும் ஒரு தொகை இருந்தது: 100 டாலர் வரை. அதுவும் நாட்டை விட்டு வெளியேறச் சம்மதித்தால் மட்டும். வில்சன் நல்ல மனிதர். அவர் செய்தது பெரிய காரியம். ஆனாலும் அந்தச் சபையில் சொத்துரிமைதான் உட்கார்ந்திருந்தது. சொத்தை இழந்தவனுக்கு நஷ்டம் என்று அதற்குப் புரிந்தது. உழைப்பை இழந்தவனுக்கும் நஷ்டம் உண்டு என்று புரியவில்லை.

நம் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். ஜமீன்தாருக்கு நஷ்டஈடு உண்டு. எஸ்டேட்டின் அடிப்படை ஆண்டுத் தொகை என்று ஒன்றைக் கணக்கிட்டு, சிறிய எஸ்டேட்டுக்கு அதைப்போல் 30 மடங்கு, மிகப் பெரியதற்கு பன்னிரண்டரை மடங்கு. ஒன்றரை நூற்றாண்டு வாங்கிய வாரத்துக்கு மேல் இதுவும்! பட்டா யாருக்கு? ஜமீன் புத்தகத்தில் குடியானவர் என்று பெயர் இருந்தவருக்கு. அது நியாயம், அதற்காகக் குடியானவர்கள் அடிபட்டுப் போராடியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குடியானவரின் நிலத்தில் ஏர் ஓட்டியவன், நாற்று நட்டவள், களை பறித்தவள்? அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெயர் இல்லாதவனுக்குப் பட்டாவும் இல்லை, நஷ்டஈடும் இல்லை.

நம் தென்னாற்காட்டு நிலைமை இன்னும் தெளிவு. இங்கே பெரும்பகுதி ரயத்துவாரி நிலம். சர்க்காருக்கு நேராக வரி கட்டும் பட்டாதாரர்தான் நிலத்துக்குச் சொந்தக்காரர். ஜமீன் ஒழிந்தது என்று மாகாணமே பேசியபோது, விழுப்புரம் பக்கத்துப் படியாளுக்கு மறுநாள் காலையில் என்ன மாறிற்று? அதே களம், அதே மரக்கால், அதே கடன். தஞ்சாவூரில் தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார்கள். அதன் பலனாக 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அது தஞ்சை ஜில்லாவுக்கென வந்த சட்டம். சங்கம் வலுவாக இருந்த இடத்துக்குச் சட்டம் வந்தது; வலுவில்லாத இடத்துக்கு வரவில்லை.

பிறகு 1961ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது: ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். விதிவிலக்குகளும் பினாமிப் பெயர்களும் உபரி நிலத்தைத் தின்றுவிட்டன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. அதற்குப் பிறகும் வட தமிழகத்தில் இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுண்டு அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கிடந்ததையும், அதிகாரிகள் வந்து மீட்டதையும் நாம் கண்டிருக்கிறோம்.

காகிதமும் கதவும்

சட்டம் காகிதத்தில் பிறக்கிறது. அது நடப்பதற்கு ஜனங்களின் கால் வேண்டும். ஓமந்தூரார் காலத்து ஆலயப் பிரவேசச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1947ல் வந்த சட்டம். 76 வருஷம் கழித்து, 2023 ஜூனில், இதே விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதி கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். எதற்காக? தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போகக்கூடாது என்று தகராறு கிளம்பியதற்காக. திண்டிவனத்துக்காரர் ஆண்டபோது வந்த சட்டம், திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றது!

இதில் நாம் யாரைக் குறை சொல்கிறோம் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தக் கோயில் வாசலில் இருபுறமும் நின்றவர்களில் பலர் ஒரே வயலில் கூலி வேலை செய்கிறவர்கள். ஒரே ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள். களத்தில் கூலி குறைந்தால் இரண்டு தெருவுக்கும் சேர்த்துத்தான் குறைகிறது. ஒரு தெரு இன்னொரு தெருவை எட்டி நிறுத்தும்வரை, கூலி பேசப் போகும்போது பாதி ஆளோடுதான் போவோம். அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. அடிமை ஒழிந்தபின் தென் பகுதியில் ஏழை வெள்ளையனைக் கறுப்பனுக்கு எதிராக நிறுத்தி வைத்தே பண்ணை முதலாளிகள் இருவர் கூலியையும் அமுக்கினார்கள். 40 ஏக்கரைப் பறிகொடுத்தவர்கள் வாரத்துக்கு உழுது, கடை முதலாளியிடம் கடன்பட்டு, பருத்தி வயலிலேயே பல தலைமுறை கிடந்தார்கள்.

வில்சன் 1873ல் துணை ஜனாதிபதியானார். அதே வருஷம் பக்கவாதம் தாக்கியது. 1875 நவம்பர் 22ல் சட்டசபைக் கட்டடத்திலேயே, துணை ஜனாதிபதியின் அறையில் உயிர் பிரிந்தது. பண்ணையில் ஒப்பந்தப் பையனாகத் தொடங்கியவர் நாட்டின் இரண்டாவது நாற்காலியில் இறந்தார். அவரை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர் உயர்ந்ததால் நேட்டிக் பட்டறைகளில் தோல் அறுத்த மற்றவர்கள் உயர்ந்துவிடவில்லை. ஓமந்தூராருக்கும் சொந்த ஊரில் மண்டபம் இருக்கிறது. சென்னையில் அவர் பெயரால் அரசினர் தோட்டம் இருக்கிறது. அங்கே 2010ல் சட்டசபைக்கென்று திறந்த கட்டடம் 2014ல் ஆஸ்பத்திரியானது. நம் பக்கத்திலிருந்து ரயிலேறிப் போகிற நோயாளிகள் அவர் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். நல்லது. ஆனால் ஓமந்தூருக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் உள்ள காலனிகளில் எத்தனை வீட்டுக்கு மனைப்பட்டா இருக்கிறது? இந்தக் கணக்கை எந்த மண்டபத்திலும் எழுதி வைக்கவில்லை. நாம்தான் எழுதவேண்டும்.

மூன்று கேள்விகள்

ஆகவே, எந்தத் தலைவர் வந்தாலும், எந்தச் சட்டம் வந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வீட்டில் பிறந்தார் என்ற கேள்வியைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

ஒன்று: பணம் யார் கைக்குப் போகிறது? எஜமானனுக்கு 300 டாலரும் அடிமைக்கு வெறுங்கையும் என்றால், அந்த விடுதலையில் பாதி இன்னும் பாக்கி.

இரண்டு: பதிவேட்டில் யார் பெயர் ஏறுகிறது? உழுதவன் பெயரும் நட்டவள் பெயரும் ஏறாத புத்தகம் நமக்கு உதவாது. வீட்டுமனை, கூலிப் பதிவு, ஆலையில் நிரந்தரப் பட்டியல், எதுவானாலும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆலைத் தோழர்களே, பத்து வருஷம் வேலை செய்தும் காண்டிராக்ட் ஆள் என்றே எழுதப்பட்டிருப்பவனும், ஜமீன் புத்தகத்தில் பெயரில்லாத படியாளும் ஒரே வகைதான்.

மூன்று: சங்கம் சேரும் உரிமையை அவர் என்ன செய்கிறார்? மற்ற எல்லாம் சரியாக இருந்து, இது மட்டும் பறிபோனால், நேற்றுக் கொடுத்ததை நாளைக்கு ஜான்சனைப்போல் திருப்பிப் பிடுங்குவதற்கு ஒரே ஒரு உத்தரவு போதும். அதைத் தடுக்க நம்மிடம் வேறு ஆயுதம் இல்லை.

இங்கே விழுப்புரம் ஜங்ஷனில் நாலு திசைக்கும் ரயில் பிரிகிறது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கூலிக்காரன் இறங்குகிற பிளாட்பாரம் ஒன்றுதான். ஆலைக்காரன் வேறு, வயற்காரன் வேறு என்று நம்மைப் பிரித்துப் பேசுகிறவர்களுக்கு இடம் கொடுக்காதீர்கள். ஆலையில் நிற்கிறவரின் தாயார் இன்னும் நடவுக்குப் போகிறார்; நடவுக்குப் போகிறவரின் மகன் ஆலை வாசலில் காத்திருக்கிறான். கூட்டம் முடிந்து கலைவதற்குள், ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு பேர் முன்வரவேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கவேண்டும். மனைப்பட்டா இல்லாத வீடுகளின் பட்டியலை ஒரு மாதத்துக்குள் எழுதி முடிப்போம். தாலுகா ஆபீசுக்கு அந்தப் பட்டியலோடு எல்லாத் தெருவும் சேர்ந்தே போவோம்.